கோடாலிக்கு வைத்த பொட்டு

தசரா முடிந்த திங்கட்கிழமை என் மேசைக்கு வந்த பொட்டலத்தைப் பிரித்தேன். உள்ளிருந்து ஒரு செவ்வந்தி இதழ் விழுந்தது. கொலை வழக்கில் பிடித்த கோடாலியோடு பூ எங்கிருந்து வரும்? கையுறை போட்ட கையில் அந்த இதழை வைத்துக்கொண்டு, எந்தப் புண்ணியவான் இதைச் செய்தான் என்று வாய்விட்டே திட்டினேன்.

எனக்குக் கோபம் சீக்கிரம் வரும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அது தொண்ணூற்று நான்காம் வருடம். மைசூரில் ஒரு தடய ஆய்வகத்தின் ரசாயனப் பிரிவில் வேலை பார்த்தேன். ஆய்வகத்தின் பெயரும், பொட்டலம் அனுப்பிய காவல் நிலையத்தின் பெயரும் இங்கே வேண்டாம். என் பெயர் லீலா, அது போதும்.

பொட்டலம் வெளிப்பார்வைக்குச் சரியாகவே இருந்தது. வெள்ளைத் துணி, நெருக்கமான தையல், ஐந்து இடங்களில் அரக்கு முத்திரை. நிலையத்திலிருந்து தனியாக அனுப்பியிருந்த மாதிரி முத்திரையோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். அதே பித்தளை அச்சு. சீட்டில் செப்டம்பர் இருபத்து நான்காம் தேதி போட்டு இரண்டு சாட்சிகள் கையெழுத்து வைத்திருந்தார்கள். செப்டம்பரில் கட்டிய பொட்டலத்துக்குள் இருந்த இதழோ இன்னும் மஞ்சள் மாறவில்லை. யாரோ நடுவில் பிரித்திருக்கிறார்கள், பிரித்துவிட்டு அதே அச்சால் மறுபடி முத்திரை வைத்திருக்கிறார்கள்.

வழக்கு இதுதான். மைசூர் விஜயநகரில் ஒரு மாடி வீடு கட்டிக்கொண்டிருந்தார்கள். அங்கே கான்கிரீட் இறுகும்வரை தாங்கப் பலகையும் முட்டும் கட்டுகிற சென்ட்ரிங் வேலை பார்த்தவர் பழனி, தமிழ்நாட்டு எல்லையில் இருக்கும் ஹனூர்ப் பக்கத்துத் தமிழர். தளம் போட்டு ஏழு நாள்தான் ஆகியிருந்தது. முட்டுகளைப் பிரித்து அடுத்த கட்டடத்துக்குக் கொண்டுபோகச் சொன்னார் கான்ட்ராக்டர் உமேஷ். கான்கிரீட் இன்னும் இறுகவில்லை, பிரித்தால் கீழே நிற்பவன் தலையில் விழும், நான் பிரிக்க மாட்டேன் என்றார் பழனி. சண்டையைக் கேட்டவர்கள் இருந்தார்கள். அடித்ததைப் பார்த்தவர்கள் இல்லை. பழனி தலை பிளந்து கிடந்தார், சாரத்திலிருந்து விழுந்துவிட்டார் என்று உமேஷ் சொன்னார். மூன்றாம் நாள் உமேஷின் ஜீப்பில், சீட்டுக்கு அடியில் இந்தக் கோடாலி கிடைத்தது. இதில் பழனியின் ரத்தம் இருந்தால் உமேஷ் உள்ளே போவார். இல்லையென்றால் வீட்டுக்குப் போவார்.

கோடாலி புதுப் பாத்திரம் போலப் பளபளத்தது. இரும்பின் இரண்டு பக்கமும் திட்டுத் திட்டாகச் சிவப்பு. காய்ந்த ரத்தம் சில நாளில் காப்பித்தூள் நிறத்துக்குப் போய்விடும், இதுவோ நல்ல சிவப்பாகவே இருந்தது. ஒரு பக்கத்திலிருந்து துளியூண்டு சுரண்டிக் கண்ணாடியில் வைத்து நீர்த்த அமிலம் ஒரு சொட்டு விட்டேன். மஞ்சளாக மாறியது. சோடாக் கரைசல் ஒரு சொட்டு விட்டேன். மறுபடி சிவந்தது. ஆரத்தித் தட்டில் மஞ்சளும் சுண்ணாம்பும் சேர்ந்து சிவக்கிறதே, அதே சங்கதி. குங்குமம்!

பிறகு ஈர வடிதாளால் இரும்பின் இரண்டு பக்கத்தையும் ஒற்றியெடுத்து பென்சிடினும் பெராக்சைடும் விட்டுப் பார்த்தேன். ரத்தத்தின் சுவடு இருந்தாலும் நீலம் தெரியும். துரு இருந்தால்கூடச் சில சமயம் பொய்யாக நீலம் காட்டும், அதனால்தான் நீலத்தை மட்டும் நம்பி யாரையும் சிறைக்கு அனுப்பக் கூடாது என்பார்கள். இங்கே பொய் நீலம்கூட வரவில்லை. அவ்வளவு ஒழுங்காகத் தேய்த்துக் கழுவியிருந்தார்கள்.

நிலையத்துக்கு போன் போட்டேன். மறுநாள் காலை சொத்து அறைக்குப் பொறுப்பான ஏட்டு நஞ்சுண்டசாமி என் முன்னால் வந்து நின்றார். குண்டலுபேட்டைக்காரர், ஐம்பத்தைந்து வயது இருக்கும், நெற்றி நிறைய விபூதி. வந்ததும் தமிழிலேயே ஆரம்பித்தார். தமிழில் பேசினால் எனக்கு மனம் இளகும் என்று யாரோ சொல்லி அனுப்பியிருக்க வேண்டும்.

"ஆயுத பூஜைக்கு ஸ்டேஷன்ல இருக்குற இரும்பை எல்லாம் கழுவினோம் மேடம். துப்பாக்கி, விலங்கு, ஜீப்பு எல்லாம்."

"கேஸ் சொத்தும் உங்க ஸ்டேஷன் இரும்பா?"

"அது உயிர் எடுத்த இரும்பு மேடம். சாந்தி பண்ணாம உள்ளே வச்சிருந்தா ஸ்டேஷனுக்கு ஆகாது. ஒரே மாசத்துல ரெண்டு கான்ஸ்டபிளுக்கு ஆக்சிடென்ட். அதான் சாம்பல் போட்டு, தேங்கா நாரு வச்சுத் தேய்ச்சு, பூஜை பண்ணி, நானே திரும்பக் கட்டிட்டேன். எல்லாம் ஸ்வல்ப நேரம்தான்."

ஸ்வல்ப நேரம், அதாவது கொஞ்ச நேரம். ஒருத்தன் செத்ததற்கு இருந்த ஒரே சாட்சியைச் சாம்பல் போட்டுத் தேய்ப்பதற்கு அது போதாதா? சாமிக்குப் பயப்படுகிற ஆள் சட்டத்துக்கும் கொஞ்சம் பயந்திருக்கலாமே என்று கேட்டேன். அவர் தலை குனிந்துகொண்டார். திருட்டு முழி எதுவும் இல்லை, அதுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. அந்த மனுஷன் நல்லது செய்வதாக நினைத்துத்தான் செய்திருக்கிறார்.

"குங்குமத்தைத் துடைச்சுட்டு டெஸ்ட் பண்ணிடுங்க மேடம். பொட்டு, பூ இதெல்லாம் ரிப்போர்ட்ல வேணாம். எனக்கு இன்னும் மூணு வருஷம்தான் சர்வீஸ்."

"நான் பார்த்ததை நான் எழுதுவேன். நீங்க செஞ்சதை நீங்க சொல்லுங்க" என்றேன். அவர் எதுவும் எழுதித் தராமல் போய்விட்டார்.

அன்று மத்தியானமே உதவி இயக்குநர் கிருஷ்ணராஜ் என்னைக் கூப்பிட்டார். மூன்று தலைமுறையாக மைசூரில் இருக்கிற தமிழ்க் குடும்பம் அவருடையது, 'சும்மா'கூட அவர் வாயில் 'சும்னே' என்றுதான் வரும். கெட்டவர் இல்லை, பயந்தவர்.

"சும்னே ஏன் வம்பு லீலா? 'ரத்தம் காணப்படவில்லை'ன்னு ஒரு வரி எழுது, முடிஞ்சது. பூஜை கீஜைன்னு எழுதினா போலீசுக்கு நம்ம மேல கோபம், பேப்பர்காரன் வேற வருவான். செத்தவன் தமிழ், நீ தமிழ், நானும் தமிழ். மூணு வருஷம் முன்னாடி நடந்ததெல்லாம் மறந்துட்டியா?"

மறக்கவில்லை. காவிரிக் கலவரம் நடந்த வாரத்தில், எங்கள் வீட்டு வாசல் பலகையில் இருந்த தமிழ் எழுத்தின் மேல் அப்பா தார் பூசினார். அந்தத் தார் இன்னும் போகவில்லை. தினமும் அதைத் தாண்டித்தான் வேலைக்கு வந்தேன், இனி எந்தத் தாளிலும் தார் பூச மாட்டேன் என்று எனக்குள் ஒரு பிடிவாதம் அன்றைக்கே விழுந்துவிட்டது.

"பார்த்ததை எழுதாதேன்னு நீங்க எழுத்துல குடுங்க சார். அதையும் ஃபைல்ல வச்சுக்கறேன்."

கிருஷ்ணராஜ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். எழுத்தில் எதுவும் கொடுக்கவில்லை.

புதன்கிழமை ஆய்வகக் கேட்டுக்குப் பக்கத்தில் ஒரு அம்மாள் நின்றுகொண்டிருந்தார். நாற்பது வயது இருக்கலாம். வெறும் நெற்றி, கையில் துணிப்பை. நான் சாப்பிட வெளியே வந்ததும் நேராக என்னிடம் வந்தார்.

"ஏனுங்க அம்மிணி, அந்தக் கோடாலிய நீங்கதான் பாக்கறீங்களாமா? நான் பழனியோட சம்சாரமுங்க. கமலம்மா."

"நீங்க என்கிட்ட பேசக் கூடாது. தயவு செஞ்சு போங்க."

"போறனுங்க. ரத்தம்னு ஒரு வார்த்தை எழுதிப்போட்டீங்கன்னா போயிர்றனுங்க."

"இல்லாததை எழுத மாட்டேன்."

"இல்லாததா? அப்ப அதுல என்னதானுங்க இருக்குது?"

மூன்று நாளாக ஆளுக்கொரு பக்கம் என் பேனாவைப் பிடித்து இழுத்துக்கொண்டிருந்த ஆத்திரம். சொல்லவே கூடாததை வாய் சொல்லிவிட்டது. "குங்குமம்! ஆயுத பூஜைன்னு கழுவிப் பொட்டு வச்சிருக்காங்க, போதுமா?"

கமலம்மாள் என்னை வெறித்துப் பார்த்தார். அவர் கை தானாக நெற்றிக்குப் போனது.

"எம்பட பொட்டை அழிச்சுப்போட்டு, கோடாலிக்குப் பொட்டு வச்சாங்களா?"

நடுத்தெருவில் அழுதுவிடுவேனோ என்று பயமாக இருந்தது.

"எழுதுங்க. நீங்க எல்லாத்தையும் எழுதற ஆளுதானுங்களே, இதையும் எழுதுங்க. அது எங்க கோடாலிங்க. காம்பு ஆடுதுன்னு சொன்னாரு, எம்பட பச்சைச் சீலையில ஒரு துண்டு கிழிச்சு நான்தான் குடுத்தேன். அதைச் சுத்தித் திணிச்சு ஆப்பு அடிச்சாரு. அப்புறம் ஒரு நாளும் ஆடலீங்க. அதையும் சேத்து எழுதுங்க!"

போகத் திரும்பியவரை நான்தான் நிறுத்தினேன். "ஆப்புக்குள்ள துணியா? அந்தச் சேலை இன்னும் இருக்கா?"

"இருக்குதுங்க."

"துவைக்காதீங்க. பிளாஸ்டிக் பையில போடாதீங்க, புழுங்கிப் போயிடும். பேப்பர்ல சுத்தி இன்ஸ்பெக்டர்கிட்ட கொண்டுபோய்க் குடுங்க. உங்க கண்ணெதிரே முத்திரை வைக்கச் சொல்லுங்க. ரசீது கையில வராம எழுந்திரிக்காதீங்க."

உள்ளே வந்து பதிவேட்டில் எழுதினேன். யார் வந்தார், எத்தனை மணி, என்ன சொன்னார், நான் என்ன உளறினேன், எல்லாம். உளறியதை எழுதும்போது கை கொஞ்சம் நின்றது. பிறகு எழுதிவிட்டேன்.

கோடாலியை மறுபடி எடுத்து உச்சியைப் பார்த்தேன். காம்பின் முனையும் ஆப்பும் இரும்பின் துளைக்குள் தெரிகிற இடம் அது. அங்கே நஞ்சுண்டசாமி சந்தனத்தைப் பட்டையாக இழுத்து, ஆப்பின் மேல் கச்சிதமாக ஒரு குங்குமப் பொட்டு வைத்திருந்தார். நல்லவேளை, நான் அங்கே கை வைத்திருக்கவில்லை. பூதக் கண்ணாடியில் பார்த்தேன். சந்தனம் இரும்பிலிருந்து மரத்துக்கும், மரத்திலிருந்து ஆப்புக்கும் ஒரே பட்டையாகப் படிந்து காய்ந்திருந்தது. எங்கும் ஒரு விரிசல் இல்லை. இந்தப் பொட்டை உடைக்காமல் ஆப்பை யாரும் அசைத்திருக்க முடியாது.

உட்கார்ந்துவிட்டேன். அரக்கு முத்திரையை உடைத்த மனுஷன், தனக்கே தெரியாமல் அதைவிட நல்ல முத்திரை ஒன்றை வைத்துவிட்டுப் போயிருக்கிறார். துடைத்துவிடு என்று அவர் கெஞ்சியது இதைத்தான்.

புகைப்படக்காரரைக் கூப்பிட்டு நாலா பக்கமும் அளவுகோல் வைத்துப் படம் எடுக்கச் சொன்னேன். பொட்டையும் சந்தனத்தையும் சுரண்டித் தனிப் புட்டியில் போட்டுச் சீட்டு ஒட்டினேன். அதன்பின் ஆப்பை மெல்ல மெல்ல அசைத்து உருவினேன். உள்ளே பச்சைத் துணி, நாலாக மடித்தது. ஓரம் விறைத்துக் கறுத்திருந்தது. சாம்பலும் தேங்காய் நாரும் அங்கே போய்ச் சேரவில்லை.

ஒரு நூல் பிரித்துப் பென்சிடின் விட்டதுமே நீலம் பாய்ந்தது. அதை நான் நம்பவில்லை. இன்னொரு நூலைக் கண்ணாடியில் வைத்து, மருந்து விட்டு, லேசாகச் சூடு காட்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தேன். இளஞ்சிவப்பில் இறகு இறகாகப் படிகங்கள். இதில் துரு ஏமாற்ற முடியாது. ரத்தம்தான். மனித ரத்தம் என்று சீரம் சோதனை சொன்னது. பி பிரிவு என்று அடுத்த நாள் தெரிந்தது. தனிப் பொட்டலத்தில் வந்திருந்த பழனியின் சட்டையில் இருந்ததும் பி. உமேஷ் ஓ பிரிவு.

பதினோரு நாள் கழித்துச் சேலை வந்தது. நிலையத்தில் வாங்க மாட்டோம் என்றார்களாம். கமலம்மாள் இரண்டு நாள் அங்கேயே உட்கார்ந்துவிட்டாராம். பொட்டலத்தின் முடிச்சுக்குக் குறுக்கே, அரக்குக்குப் பக்கத்தில், ஊதா மையில் அவருடைய பெருவிரல் ரேகை. எத்தனையோ இன்ஸ்பெக்டர்கள் கட்டிய பொட்டலங்களைப் பிரித்திருக்கிறேன், இவ்வளவு ஒழுங்கானதைப் பார்த்ததில்லை. கிழிந்த ஓரத்தில் துணித்துண்டை வைத்தேன். நூலுக்கு நூல் பொருந்தியது.

அறிக்கையில் எல்லாவற்றையும் எழுதினேன். பூ, குங்குமம், சந்தனம், கழுவிய இரும்பு, உடைக்கப்பட்ட முத்திரை, ரத்தம். கிருஷ்ணராஜ் படித்துவிட்டு நாலு நாள் வைத்திருந்தார். ஐந்தாம் நாள் ஒரு வரிகூட மாற்றாமல் அனுப்பிவிட்டார்.

மறு வருடம் ஜூலையில் செஷன்ஸ் கோர்ட்டில் விசாரணை. உமேஷின் வக்கீல் என்னை இரண்டு மணி நேரம் நிற்க வைத்தார். பேச்செல்லாம் கன்னடத்தில். தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்.

"உங்கள் ஆய்வகத்தில் ஆயுத பூஜை உண்டா?"

"உண்டு."

"கருவிகளுக்குக் குங்குமம் வைப்பீர்களா?"

"வைப்பார்கள். என் மேசையில் வைக்க விடமாட்டேன்."

"அதை நாங்கள் நம்ப வேண்டும். கோடாலியைத் திறந்தது நீங்கள், ரத்தம் கண்டுபிடித்தது நீங்கள். மூடி, மேலே பொட்டு வைத்துப் படம் எடுத்ததும் நீங்களாகவே இருக்கலாம். இறந்தவர் தமிழ், நீங்களும் தமிழ். அவர் மனைவியைத் தனியாகச் சந்தித்தும் இருக்கிறீர்கள்."

"சந்தித்தேன். பதிவேட்டில் நாற்பத்தோராம் பக்கம். நான் சொல்லக் கூடாததைச் சொன்னதும் அங்கே இருக்கிறது. தமிழ் என்பது என் பள்ளிச் சான்றிதழிலேயே இருக்கிறது, அதையும் வேண்டுமானால் சேர்த்துக்கொள்ளுங்கள். நான் மறைத்தது ஏதாவது இருந்தால் அதைக் கேளுங்கள்."

குரல் உயர்ந்துவிட்டது. நீதிபதி என்னை மெதுவாகப் பேசச் சொன்னார். மெதுவாக இன்னொரு முறை அதையே சொன்னேன்.

ஆனாலும் எனக்குத் தெரியும், வக்கீல் சரியான இடத்தில்தான் கை வைத்திருந்தார். அந்தப் பொட்டு நிலையத்தில் வைத்தது என்று சொல்ல ஒரே ஒரு ஆள்தான் உண்டு. முத்திரையைப் பிரித்ததாக எந்தப் பதிவிலும் அவர் எழுதவில்லை. எனக்குத் தெரியாது என்று சொன்னால் அவர் வேலை பிழைக்கும், உமேஷும் பிழைப்பார். அப்படியே சொல்லிவிடு என்று நிலையத்தில் அவருக்குப் பாடம் சொல்லியிருக்கிறார்கள் என்றும் கேள்விப்பட்டிருந்தேன்.

நஞ்சுண்டசாமி கூண்டில் ஏறினார். அரசு வக்கீல் பொட்டின் பெரிய படத்தை அவர் கையில் கொடுத்து, இதைப் பற்றித் தெரியுமா என்று கேட்டார். அவர் படத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பின்னால் பெஞ்சில் கமலம்மாள் உட்கார்ந்திருந்தார்.

"இது நான் வச்ச பொட்டு" என்றார் நஞ்சுண்டசாமி.

"எப்படி அவ்வளவு உறுதியாகச் சொல்கிறீர்கள்?" உமேஷின் வக்கீல் எழுந்துவிட்டார்.

"கோடாலிக்கு நெத்தி எதுன்னு அன்னிக்கு யோசிச்சேன் சுவாமி. காம்பு வந்து முட்டுற இடம்தான் நெத்தின்னு முடிவு பண்ணி அங்க வச்சேன். முத்திரையை உடைச்சவன் நான். கழுவினவன் நான். சொல்லாம மறைச்சவனும் நான்."

"இதைச் சொன்னால் உங்கள் வேலைக்கு என்ன ஆகும் தெரியுமா?"

"தெரியும். சாமி பேரைச் சொல்லி வச்ச பொட்டை, நான் வைக்கலைன்னு எப்படிச் சொல்றது?"

நீதிபதி எழுதுவதை நிறுத்திவிட்டு அவரை நிமிர்ந்து பார்த்தார். பிறகு முழுவதையும் எழுதிக்கொண்டார்.

உமேஷுக்கு ஆயுள் தண்டனை. நஞ்சுண்டசாமிக்கு இரண்டு இன்கிரிமென்ட் வெட்டு, எல்லைக் காட்டில் இருக்கும் பாலாறு செக்போஸ்ட்டுக்கு மாற்றல். சாட்சிக்காரரிடம் வழக்கு விஷயம் பேசியதற்காக எனக்கு ஒரு மெமோ. அந்தப் பேச்சு நடந்தது என்று அவர்களுக்குச் சொன்னதே என் பதிவேடுதான். 'ஆம், பேசினேன்' என்று ஒரே வரியில் பதில் எழுதிக் கொடுத்தேன்.

தீர்ப்பு சொன்ன அன்று கோர்ட் வராந்தாவில் கமலம்மாள் என்னிடம் வந்தார். நன்றி கின்றி எதுவும் சொல்லவில்லை.

"அம்மிணி, எம்பட சீலைய எப்பத் தருவாங்க?"

"அப்பீல் காலம் முடியணும். அப்புறம் மனுப் போட்டுக் கேட்கலாம்."

"அப்ப இப்பவே மனு எழுதிக் குடுங்க, நான் வச்சிருந்து போட்டுக்கறேன். கோடாலியையும் சேத்து எழுதுங்க."

நான் தயங்கினேன். "அதை அழிச்சுடுவாங்க. வழக்கமா அப்படித்தான். உங்களுக்கு எதுக்கு அது? அதாலதானே..."

"அதால என்னுங்க?" கமலம்மாளின் குரல் வராந்தாவில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி எழுந்தது. "பதினெட்டு வருசம் எங்களுக்குச் சோறு போட்ட கோடாலிங்க அது. ஒரு நாளு ஒருத்தன் புடுங்கி அடிச்சுப்போட்டான்னா, அது கொலைகாரக் கோடாலி ஆயிப்போகுமா? அவன்தானுங்க கொலைகாரன். அவனை உள்ள வச்சாச்சு. கோடாலி வீட்டுக்கு வரோணும்."

அரசுச் சாட்சியாக வந்தவள் அங்கே உட்கார்ந்து மனு எழுதலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். இன்னொரு மெமோ வந்தால் அதற்கும் பதில் எழுதிக்கொள்ளலாம். பெஞ்சில் உட்கார்ந்து பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்தேன். பேனாவைத் திறந்து முதலில் கோடாலியை எழுதினேன், அதன் கீழே சேலையை எழுதினேன்.